பலூனுக்கு விட்ட இடம்

தாடிக்காரர் என்று அவருக்குப் பெயர் விழுந்தபோது அவர் முகத்தில் ஒரு முடி கிடையாது. தினமும் காலையில் வழவழவென்று மழித்து, பவுடர் பூசிக்கொண்டு அச்சகத்துக்குப் போகிற மனிதர். தாடி இருந்தது அவர் வரைந்த துப்பறிவாளனுக்கு. வாரத்துக்கு எட்டுப் பக்கம், இருபத்திரண்டு வருஷம் ஓடிய படக்கதை அது. துப்பறிவாளனுக்குத் தாடி முளைத்ததற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லை. வரைகிறவருக்கு முகவாய்க்கட்டை வராது, அவ்வளவுதான். எத்தனை தரம் போட்டாலும் ஒன்று செருப்பு மாதிரி நீளும், இல்லாவிட்டால் முட்டை மாதிரி உருளும். தாடியை வைத்தார், தொல்லை தீர்ந்தது. பாதமும் வராது. அதனால் அந்தத் துப்பறிவாளன் போன இடமெல்லாம் முழங்கால் வரைக்கும் மூடுபனி. கொளுத்துகிற நடுப்பகல், ஒட்டகம் போகிற பாலைவனம், அங்கேயும் மூடுபனி. ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்டே விட்டார். அதுதான் மர்மம் என்று ஆசிரியர் பதில் போட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையே புகை போட்டு மறைத்துவிட்டார்.

அவர் மனைவியை அச்சகத்தில் எழுத்தக்கா என்பார்கள். படித்தது ஐந்தாவது. கடவுள் அவளுக்குப் படிப்பைக் கொடுக்கவில்லை, கையெழுத்தைக் கொடுத்திருந்தார். முத்துக் கோத்த மாதிரி இருக்கும். படக்கதையில் ஆட்கள் பேசுகிற பேச்சை எழுத ஒரு வட்டம் போடுவார்களே, அதை அச்சகத்தில் பலூன் என்பார்கள். இருபத்திரண்டு வருஷமும் அந்தப் பலூன்களுக்குள் இருந்த எழுத்தெல்லாம் அவள் கை.

வேலை நடந்த விதம் இப்படி. யார் என்ன பேசுகிறார் என்று ஆசிரியர் ஒரு தாளில் எழுதி அனுப்புவார். இவர் கட்டம் போட்டுக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “எத்தனை வரி?” என்பார். அவள் அந்தப் பேச்சை வாய்க்குள் ஒரு தரம் பேசிப் பார்ப்பாள். மூணு வரி என்பாள். ஒண்ணரை என்பாள். வில்லனாக இருந்தால் அஞ்சு. வில்லன்களுக்குச் செய்யப்போவதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் செய்ய வரும். விரலைக் கிடையாக வைத்து அளப்பாள், ஒரு விரல் ஒரு வரி. அவள் காட்டிய அளவுக்கு மேலே இடது மூலையில் இடத்தை விட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில்தான் மலையும் மாளிகையும் துப்பாக்கியும். அந்த அளவு தப்பிப்போனது மொத்தத்தில் இரண்டே தரம். இரண்டு தரமும் அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள், இவர் குத்துமதிப்பாக விட்டார். ஒரு தரம் துப்பறிவாளனின் பேச்சு அவன் தொப்பி மேலேயே ஏறி உட்கார்ந்தது.

பிறகு அந்தப் படக்கதை வந்த பத்திரிகை நின்றுபோனது. இவர் ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அவள் கடைகளுக்கு விலைப் பலகை எழுதினாள். தக்காளி, வெங்காயம், சோப்பு, கடன் இன்று இல்லை. எதை எழுதினாலும் அவள் எழுத்துக்கு ஒரே மரியாதைதான்.

அவளுக்கு ஒரு தம்பி. தச்சு வேலை. கதவு, ஜன்னல், கட்டில் செய்கிற பட்டறை அடுத்த தெருவில். ஒருநாள் அவன் கதவுக்குப் போக மிஞ்சிய பலகை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். “சும்மா கெடக்குறதுக்கு இதுலயாவது எதையாச்சும் தீட்டுங்க மாமா. சுவரு உங்களப் பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு” என்றான். இவர் ரோஷத்தோடு எழுந்து, அவன் கொண்டுவந்திருந்த கருவிப் பெட்டியையே அந்தப் பலகையில் தீட்டினார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அது நன்றாக இருந்தது. துரு ஏறிய கீல், ஒரு திருகாணி கழன்று போன ஓட்டை, மூடியின் ஓரத்தில் ரம்பப் பல் பட்ட தழும்பு, எல்லாம் உள்ளது உள்ளபடி. பெட்டிக்கு முகவாயும் இல்லை, பாதமும் இல்லை. அதனால் ஒளிக்க எதுவும் இல்லை. அதைப் பென்சிலில் போடுகிறபோது இவர் பழக்கத்தில், “எத்தனை வரி?” என்று கேட்டுவிட்டார். அவளும் சோப்பு விலையை எழுதிக்கொண்டே, “ரெண்டு” என்றுவிட்டாள். பெட்டி பேசாது என்பது இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. பெட்டிக்கு மேலே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார். அந்த இடம் இல்லாவிட்டால் அது பெட்டி. இருந்ததால், ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்ட பெட்டி.

தம்பி அதைப் பட்டறையில் மாட்டி வைத்தான். படத்துக்குச் சட்டம் அடிக்கச் சொல்ல வந்த ஓர் அம்மா அதைப் பார்த்தாள். ஓவியக் காட்சி நடத்துகிறவள். நீள மூக்குக் கண்ணாடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் இன்னொரு கண்ணாடி. அவளைக் கேலரியம்மா என்பார்கள். அவளுக்கு எதையும் ஒரே பெயரால் சொல்லிப் பழக்கம் இல்லை. படத்தைப் ‘படைப்பு’ என்பாள், வீட்டை ‘வாழிடம்’ என்பாள், சும்மா இருக்கிற இடத்தை ‘வெளி’ என்பாள்.

கேலரியம்மா இன்னும் ஏழு படம் கேட்டாள். இவர் குழாயை வரைந்தார், பிய்ந்த செருப்பை வரைந்தார், தேய்ப்புப் பெட்டியை வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் கேள்வி உண்டு, இப்போது கொஞ்சம் விளையாட்டாக. பதிலும் உண்டு. ஆனால் அவள் விளையாடுகிற மாதிரி இருந்தாலும் யோசித்துத்தான் சொன்னாள். ஒழுகுகிற குழாய்க்கு நாலு வரி, அது வாய் மூடாத ஜென்மம் என்றாள். செருப்புக்கு ஒரு வரி, அதுவும் முனகல். தேய்ப்புப் பெட்டி கோபக்காரன், பேச மாட்டான், அரை வரி விட்டால் போதும் என்றாள்.

காட்சிக்கு வந்தவர்கள் படத்தில் இருந்த பொருளைப் பார்த்ததைவிட, மேலே இடது மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அதிகம். ‘பேசாத வெளி’ என்று ஒருவர் எழுதினார். ‘பொருளின் தலைக்குமேல் கவியும் மௌனம்’ என்று இன்னொருவர் எழுதினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காபி தம்ளர் கவிழ்ந்தது. “மௌனமாம்டி. நீ நாலு வரின்னு சொன்ன எடம்” என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அது முதல் மாதம். மூன்றாவது மாதம் அவர் சிரிக்கவில்லை. ஐந்தாவது மாதம் அவரே ‘வெளி’ என்று பேச ஆரம்பித்தார். ஆறாவது மாதம் தாடி வளர்த்தார். ஊர் வைத்த பெயர் ஒருவழியாக உடம்பில் வந்து சேர்ந்தது. சரி, தாடி வந்தால் வரட்டும். அதைத் தடவிக்கொண்டு பேசுகிற பழக்கமும் கூடவே வந்ததுதான் சகிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால்கூட, உப்பைக் கேட்பதற்கு முன்னால் ஒரு தரம் தடவிக்கொள்வார்.

பழைய படக்கதைப் பக்கங்கள், அச்சுக்குப் போய்த் திரும்பி வந்தவை, அலமாரிக்கு மேலே இரண்டு கட்டு இருந்தன. ஒருநாள் அவள் பார்க்கிறாள், அதில் ஒரு பக்கத்தைக் கசக்கிப் பிரஷ் துடைத்துக்கொண்டிருக்கிறார். துப்பறிவாளன் முகத்தில் பச்சை, அவள் எழுதிய மூன்று வரிப் பேச்சின் மேல் சிவப்பு. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற பிறவி இல்லை அவள். கட்டுகளை எடுத்துத் தன் துணிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். காட்சிகளுக்கென்று அவர் வாங்கியிருந்த கழுத்துப் பட்டையில்லாத நல்ல சட்டையை நாலாகக் கிழித்து, பிரஷ் துடைக்கத் துணி என்று மேஜையில் மடித்து வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், தாடியைத் தடவினார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று தெரியும்.

பிறகு வேறொரு பத்திரிகையிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். வேலை அறையில் உட்கார்ந்தார்கள். ஒரே ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். சாய்வு மேஜைக்குக் கீழே இரண்டு செங்கல். எழுத்தக்கா தேநீர் கொண்டுபோய் வைத்தாள். பிரஷ் அலசுகிற குவளைக்கும் தேநீர்க் குவளைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதால், வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

இதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தேடிக்கிட்டிருந்தேன்” என்றார் தாடிக்காரர்.

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். பிறகு நல்ல பிள்ளையாக எழுத்தக்காவைப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் அம்மா என்று கேட்டாள். எழுத்தக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: “வீட்டப் பாத்துக்குறா.”

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்றாள். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெண் போன பிறகு இவர் உள்ளே வந்தார். அவள் அடுப்பைத் துடைத்தபடி, வாரத்துக்கு எட்டுப் பக்கமாகவா தேடினீர்கள் என்று கேட்டாள். கண்டுபிடித்தது என்ன என்றும் கேட்டாள். பத்திரிகைக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும், உனக்குப் புரியாது என்றார். புரிகிற மாதிரி அவர் ஏதும் சொல்லவில்லை என்பதும் உண்மைதான்.

அன்றிலிருந்து அவர் கேட்பதை நிறுத்தினார். எத்தனை வரி என்று வாய் திறக்கவே இல்லை. வாசலில் யாராவது நின்று கேட்டுவிட்டால், பேசாத வெளி என்பது சோப்பு விலை எழுதுகிற ஒருத்தி விரல் வைத்து அளந்த இடம் என்று தெரிந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாதாம். இவருக்குத் தேள் கொட்டவில்லை, மற்றபடி அதே நிலைமைதான்.

இந்த நேரத்தில்தான் பெரிய சங்கதி வந்தது. நகரத்துப் பெரிய கலைக்கூடத்தில் நிரந்தரமாக மாட்ட ஒரு படம் தேடுகிறார்கள், தேர்வாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றாள் கேலரியம்மா. இந்த முறை பொருள் வேண்டாம், மனிதர் வேண்டும், பெரிதாக வேண்டும் என்றாள். அதில் மாட்டிவிட்டால் பிறகு இவரை யாரும் அசைக்க முடியாது. மாட்டாவிட்டால், இரண்டு வருஷத்தில் குழாய் வரைந்த ஒரு மனிதர் இருந்தாராமே என்பார்கள். இது அவருக்கும் தெரியும், எழுத்தக்காவுக்கும் தெரியும்.

மனிதர் என்றால் கையருகே இருந்தது மனைவிதான். தம்பி ஆளுயரத்துக்கு மேலே ஒரு முழம் கூடுதலாகச் சட்டம் அடித்துக் கான்வாஸ் இழுத்துக் கொடுத்தான். வேலை அறையில் கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியைப் போட்டு, தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அவளை உட்கார வைத்தார். நாற்பது நாள். காலுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். அது வண்ணச் சமநிலைக்கு என்றார். பாதம் இன்னும் வரவில்லை என்று அவள் புரிந்துகொண்டாள். மூடுபனி போய் வாளி வந்திருக்கிறது, முன்னேற்றம்தான்.

முதல் நாள் அவர் பென்சிலை எடுத்தபோது அவளிடம் பதில் தயாராக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் என்ன பேசுவாள் என்று முந்தின நாளே வாய்க்குள் பேசிப் பார்த்திருந்தாள். அவர் பென்சிலைக் காதில் செருகினார். வாய் லேசாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டு, கையைத் தூக்கி ஒரே வீச்சில் கோடு போட்டார்.

நாற்பது நாளும் அவள் உட்காருவதற்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்வாள். இரண்டே வேண்டுதல். அவருக்காக ஒன்று: இந்தப் படம் தேற வேண்டும். தனக்காக ஒன்று: இந்த மனுஷன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கேட்க வேண்டும். கேட்காமல் படம் தேறினால் சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதைக் கடவுளிடமே விட்டுவிட்டாள்.

படம் முடிந்தது. முகம் அவள் முகம்தான், பழி சொல்லக் கூடாது. கண்ணுக்குக் கீழே கருமை, புருவத்தில் ஒரு நரைமுடி, விரல் நுனியில் போகாத மைக்கறை, எல்லாம் இருந்தது. ஆனால் ஆள் இருந்தது அடியில். மேலே மூன்றில் இரண்டு பங்கு வெறும் சாம்பல் நிறச் சுவர். தெரியாமல் விட்டபோது விரல் கணக்கில் இருந்த இடம், தெரிந்து விட்டபோது வயல் கணக்கில் போய்விட்டது.

தம்பி வந்து பார்த்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

“மாமா, அக்கா எந்தக் கெணத்துல விழுந்துருக்கா?”

“உனக்கெல்லாம் இது புரியாது மாப்ள. மரத்துக்கும் உளிக்கும் நடுவுல இருக்குற ஆள் நீ.”

“சரி மாமா. கயிறாச்சும் வரைங்க, ஏறி வரட்டும்.”

அவர் தம்பியை வெளியே போகச் சொன்னார். தம்பி அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ‘நீச்சல் தெரியுமா உனக்கு’ என்று காதோடு கேட்டுவிட்டுப் போனான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தேர்வாளர் வருவதற்கு முந்தின நாள் கேலரியம்மா வந்தாள். முதல் கண்ணாடியில் பார்த்தாள், கழுத்துக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள், இரண்டையும் கழற்றிவிட்டும் பார்த்தாள். எதற்கும் நாலு சொல் வைத்திருப்பவளுக்கு அன்று ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

“கொஞ்சம்... அதிகமோ” என்றாள்.

அதிகம்தான் அதன் அர்த்தம் என்றார் தாடிக்காரர். அவள் தலையாட்டினாள். யோசித்து வையுங்கள், நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவள் முகம், எடுத்த புடவை வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறவள் முகம் மாதிரி இருந்தது.

அவள் போனதும் இவர் பதறிப்போனார். வெற்றுச் சுவரில் ஒரு ஜன்னலை வரைந்தார். அது பார்ப்பதற்கு ஜெயில் மாதிரி இருந்தது, துடைத்துவிட்டார். ஒரு நாட்காட்டியை மாட்டினார். கடன்காரன் வரும் தேதியைப் பார்க்கிறவள் மாதிரி இருந்தது, அதையும் துடைத்தார். ஒரு பல்பைத் தொங்கவிட்டார். துப்பறிவாளன் கைதியை விசாரிக்கிற அறை மாதிரி ஆகிவிட்டது. அவரே பயந்து துடைத்தார். சாயங்காலத்துக்குள் நாலு சட்டைத் துண்டும் நாசமாகிப்போனது. எழுத்தக்கா அறை வாசலைத் தாண்டி மூன்று தரம் போனாள், மூன்று தரம் வந்தாள். வலிய உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேட்காத ஆளிடம் சொல்கிற சொல் எத்தனை நாளைக்கு நிற்கும்? வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். தேர்வாளர் மெலிந்த மனிதர், சாதாரணச் சட்டை, கையில் ஒரு குடை. வெளியே மழை இல்லை. தம்பியும் வந்திருந்தான், படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் வைக்க ஆள் வேண்டும் என்று. எழுத்தக்கா தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள்.

தேர்வாளர் படத்துக்கு முன்னால் நின்றார். குடையை ஊன்றிக்கொண்டு, நெருங்கிப் பார்த்தார். விரல் நுனி மைக்கறையைப் பார்த்து முகம் மலர்ந்தது. தள்ளி நின்று பார்த்தார். மலர்ந்தது வாடியது. பிறகு ரொம்ப மரியாதையாக, பள்ளிக்கூடத்தில் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டார்.

“மேல இவ்வளவு எடம் எதுக்குங்க?”

“வெளி என்பது...” என்று ஆரம்பித்தார் தாடிக்காரர். தாடியைத் தடவினார். “வெளி என்பது வந்து...” இன்னொரு தரம் தடவினார். கேலரியம்மா அவர் வாயையே பார்த்தாள். அவள் கொடுத்த சொல்தான் அது. ஆனால் திருப்பிக் கேட்டால் கொடுக்க அவளிடமும் அதற்கு மேல் சரக்கு இல்லை.

பயம் வந்தால் வாய் பழைய வழிக்குத்தான் போகும். இவர் கை தானாக மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகியது. தலை வாசல் பக்கம் திரும்பியது.

“எத்தனை வரி?” என்றார்.

மெல்லத்தான் சொன்னார். அறையில் எல்லோருக்கும் கேட்டது. எழுத்தக்கா அசையவில்லை.

“என்ன கேட்டீங்க?”

“எத்தனை வரின்னு கேட்டேன்.”

“யார?”

அவர் தேர்வாளரைப் பார்த்தார், கேலரியம்மாவைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். எங்கேயும் மூடுபனி இல்லை.

“உன்னத்தான்” என்றார்.

அவள் தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பது நாள் உட்கார்ந்திருந்தவளை நின்றுகொண்டு பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது. வாய்க்குள் ஒரு தரம் பேசிப் பார்த்தாள். முதல் நாளே தயாராக இருந்த அதே பதில்தான். நாற்பது நாளில் அது இன்னும் உண்மையாகியிருந்தது.

“அரை வரி.”

தேர்வாளருக்குப் புரியவில்லை. என்ன அரை வரி அம்மா என்று கேட்டார். அவள் மறைக்காமல் சொன்னாள். இவர் படக்கதை வரைகிறவர், தான் பலூன் எழுதுகிறவள், பேசுகிற அளவுக்குத்தான் இடம் விட வேண்டும், இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பழக்கம் என்றாள். கேலரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். தாடிக்காரர் தரையைப் பார்த்தார், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

“அப்ப இந்தம்மா என்ன பேசறாங்க, இந்தப் படத்துல?” என்று கேட்டார் தேர்வாளர்.

எழுத்தக்கா படத்தில் இருந்த தன் தலைக்கு மேலே விரலைக் கிடையாக வைத்துக் காட்டினாள்.

“‘எந்திரிக்கட்டுமா?’ அவ்வளவுதாங்க. வேற என்ன பேசுவா, நாப்பது நாளா உக்காந்துருக்கா.”

தேர்வாளர் சிரித்தார். சிரிப்பு என்றால் ஒப்புக்குச் சிரிப்பது இல்லை, குடை கீழே விழுகிற சிரிப்பு. தம்பி தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அளவுகோலை இடுப்பிலிருந்து எடுப்பதற்குள் பாதிக் கணக்கு போட்டுவிட்டான். கான்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றி, மேலிருந்து மூன்று முழம் நறுக்கிவிட்டு, சட்டத்தைக் குறைத்துத் திரும்ப இழுத்துக் கட்டலாம், அரை மணி நேர வேலை என்றான். தாடிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். வெளியை நறுக்குவதா? ஆனால் எழுத்தக்கா விரல் இன்னும் அங்கேயே இருந்தது. “அவ காட்டுற எடத்துலயே வெட்டு மாப்ள” என்றார்.

தேர்வாளர் இன்னொரு தேநீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். தம்பி வாசலில் வைத்து ஆணிகளைப் பிடுங்கினான், சட்டத்தை அறுத்தான். அறுத்துத் தள்ளிய சாம்பல் நிறத் துண்டை எழுத்தக்கா சுருட்டி எடுத்துவைத்தாள். பிரஷ் துடைக்க ஆகும். திரும்ப நிமிர்த்தி வைத்தபோது அதே படம் வேறாக இருந்தது. நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இதோ எழுந்துவிடப் போகிறாள், கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று பொறுத்திருக்கிறாள். கேலரியம்மா இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒடுக்கப்பட்ட வெளி’ என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படம் தேறியது. மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கலைக்கூடத்தில் படத்துக்குக் கீழே மாட்டுகிற அட்டையை எழுத்தக்காவே எழுதித் தர வேண்டும் என்று தேர்வாளர் கேட்டிருந்தார். ‘வெளி: பதினேழு’ என்று வைத்திருந்த தலைப்பை அடித்துவிட்டு, அவள் ‘எந்திரிக்கட்டுமா’ என்று எழுதினாள். தக்காளிக்குக் கொடுத்த அதே மரியாதையோடு எழுதினாள்.

அதற்காக மனுஷன் ஒரே நாளில் திருந்திவிட்டார் என்று நினைக்கக் கூடாது. நாயின் வாலுக்கு ஒரு பக்குவம், தாடிக்காரருக்கு ஒரு பக்குவம். கடிதம் வந்த மறுநாளே வேலை அறையில் அந்தப் பிளாஸ்டிக் வாளியைத் தனியாக வைத்து வரைய உட்கார்ந்தார். பென்சிலைக் காதில் செருகினார். தாடியைத் தடவினார். விலைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவளிடம், ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி, எத்தனை வரி என்று கேட்டார்.

அவள் நிமிரவில்லை. “தாடிய எடுத்துட்டு வந்து கேளுங்க, சொல்றேன்.”

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தார். வாளிக்குத் தானே ஓர் இடம் விட்டுப் பார்த்தார். அழித்தார். விட்டார், அழித்தார். தாள் கிழிந்தது. மூன்றாம் நாள் காலையில் குளியலறைக் கதவு ரொம்ப நேரம் சாத்தியே இருந்தது. வெளியே வந்தவர் முகத்தில் வெட்டுக்காயம் இரண்டு, பவுடர் நிறைய. கீழ் உதட்டுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை, நேரே கழுத்துதான். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து நின்றான். அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

“மாமா, துப்பறியிறவனுக்கு ஏன் தாடி வெச்சீங்கன்னு இத்தன வருஷமா யோசிச்சுட்டிருந்தேன். கண்ணாடியப் பாத்து வரைஞ்சிருக்கீங்க.”

தாடிக்காரர் அவனைத் தாண்டி நடந்தார். நேராகப் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தார், பென்சிலைக் காதில் செருகினார், மனைவி பக்கம் திரும்பினார். தடவுவதற்கு ஒன்றும் இல்லாததால் கை சும்மா மடியில் கிடந்தது.

“எத்தனை வரி?”

எழுத்தக்கா பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து வாளியைப் பார்த்தாள். நாற்பது நாள் தன் பாதத்துக்கு முன்னால் காவல் இருந்த வாளி. பார்த்ததையெல்லாம் அது சும்மா விடுமா?

“அஞ்சு” என்றாள். “எல்லாத்தையும் சொல்லப் போவுது.”